லண்டி கானா: மூடப்பட்ட ரயில் நிலையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 போரில் சிறைப்பட்ட நம் விமானிகள் மூவர் ராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பியதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எல்லையருகே அவர்கள் பிடிபட்டதற்குக் 'கெட்ட நேரம்'தான் காரணம் என்கிறது. காரணம் நேரமல்ல, பழைய வரைபடம்.

திலீப் பருல்கர் 1965 போரிலேயே கையில் குண்டடி பட்டும் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தவர். 1971 டிசம்பர் 10 அன்று அவருடைய சுகோய்-7 போர் விமானம் வீழ்த்தப்பட்டது. முகாமில் மல்விந்தர் சிங் கிரேவாலும் ஹரிஷ் சின்ஜியும் அவரோடு சேர்ந்தார்கள். கட்டிலுக்கடியில் சுவரில் துளை போட்டார்கள். செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தைச் சுரண்டிச் சுரண்டிக் கல்லைப் பெயர்த்தார்கள்; வெளிப்பூச்சை மட்டும் கடைசி இரவுக்கென்று விட்டுவைத்தார்கள். இடிசல்களைச் செஞ்சிலுவைப் பெட்டிகளில் மறைத்தார்கள். காந்தமேற்றிய ஊசிதான் திசைகாட்டி. 1972 ஆகஸ்ட் 12 நள்ளிரவு தாண்டி வெளியேறி, பெஷாவர் வழியாக மறுநாள் காலையிலேயே லண்டி கோட்டல் சேர்ந்துவிட்டார்கள். ஆப்கன் எல்லைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்கூட இல்லை.

அங்கேதான் சறுக்கியது. கையிலிருந்த வரைபடத்தில் ரயில் பாதையின் கடைசி நிலையம் லண்டி கானா. அதனால் அதற்கு வழி கேட்டார்கள். லண்டி கோட்டலுக்கு அப்பால் அந்தப் பாதை 1932-லேயே மூடப்பட்டுவிட்டது. நாற்பது ஆண்டாக ரயில் போகாத ஊருக்கு வழி கேட்பவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது. போருக்குப் பின் பாகிஸ்தானில் சிக்கிக்கொண்ட வங்காளிகள் பலர் கைபர் கணவாய் வழியாக ஆப்கானிஸ்தானுக்குத் தப்பிக்கொண்டிருந்த நேரம் வேறு. இவர்களும் அப்படித்தான் என்று உள்ளூர்க்காரர்கள் சந்தேகப்பட்டுத் தாசில்தாரிடம் கொண்டுபோனார்கள். தாங்கள் பாகிஸ்தான் விமானப்படையினர் என்று பருல்கர் சாதித்தார். முன்பு முகாம் பொறுப்பாளராக இருந்த உஸ்மான் ஹமீதிடம் தொலைபேசியில் பேசினார். அவரும் "நம் ஆட்கள்தான்" என்று சொல்ல, மூவரின் உயிரும் தப்பியது. பதற்றத்திலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்ததே, அதைக் கட்டுரையாளர் விட்டிருக்கக் கூடாது.

இன்னொன்று. 'தப்பியோடிய குற்றம்' என்று அச்சாகியிருக்கிறது. போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 92, 93-ஆம் பிரிவுகளின்படி, தப்ப முயன்று பிடிபடும் போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே உண்டு. அதுவும் 30 நாளுக்கு மேல் போகக்கூடாது. யாரையும் தாக்காமல் சுவரைக் குடைவதும், சாதாரண உடையில் திரிவதும், பொய் அடையாளம் காட்டுவதும் அதற்குள்தான் அடங்கும். இந்த மூவர் யாரையும் தொடவில்லை.

1972 டிசம்பர் 1 அன்று மற்றக் கைதிகளோடு வாகா வழியாகத் திரும்பினார்கள். பருல்கர் குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார். 'குற்றம்' என்ற சொல்லுக்குத் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
தாம்பரம்.