ஆலை போனாலும் பட்டறைகள் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றி எந்தப் புது ஆலை வருகிறது, எத்தனை கோடி முதலீடு என்ற செய்திகளுக்குக் குறைவில்லை. வரட்டும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் நிறுத்திவிட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. பெரிய ஆலை போன பிறகும் அதற்கு உதிரிபாகம் செய்தவர்கள் தாக்குப்பிடித்து வேறு வேலைக்கு மாறுவது எப்படி என்பதைத்தான் பேச வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. பாஸ்டன் நகரின் பக்கத்துக் கணினி நிறுவனங்களான டிஜிட்டல், வாங் போன்றவை பெரும்பாலானவற்றைத் தங்கள் மதிலுக்குள்ளேயே செய்தன. காலம் மாறியபோது வாங் 1992-இல் திவால் மனு போட்டது. டிஜிட்டல் 1998-இல் காம்பேக் என்ற இன்னொரு கணினி நிறுவனத்தின் கைக்குப் போனது. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் கம்பெனிகள் மூடாமல் இல்லை. ஆனால் அங்கே ஆட்களும் சப்ளையர்களும் அடுத்த தெருவுக்கு மாறிக்கொண்டார்கள், தொழில் ஊரைவிட்டுப் போகவில்லை.

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பட்டறைகள் அப்படி மாற முதலில் வேண்டியது, பீஸ்களின் அளவைச் சரிபார்க்க நம்பத்தக்க பொது அளவீட்டு அறை. எஞ்சினுக்கு இரும்பு, ஸ்டீல் பீஸ் கடைந்தவர்கள் இன்று மின்வாகனம், மின்னணுக் கருவிகளுக்கு அலுமினியத்தில் ஹவுசிங் (வெளிக்கூடு) செய்யத் தொடங்குகிறார்கள். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய அளவு. நம் ஷெட்டில் 35 டிகிரி. 100 மி.மீ. ஸ்டீல் பீஸ் அந்த 15 டிகிரியில் சுமார் 17 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். அலுமினியம் சுமார் 35 மைக்ரான். ஸ்டீல் பீஸை அதே சூட்டில் இருக்கும் மைக்ரோமீட்டரால் (ஸ்டீலில் செய்த கை அளவுகோல்) பார்த்தால், இரண்டும் ஒரே மாதிரி நீண்டிருப்பதால் பிழை பெரும்பாலும் கழிந்துபோகும். அலுமினியத்தில் பாதிதான் கழியும். பட்டறையில் சரியாகக் காட்டிய பீஸ், வாங்குபவரின் ஏ.சி. அறையில் 17 மைக்ரான் குறைந்து நிற்கும். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் அளவு வித்தியாசம், மொத்தமே 20 மைக்ரான் என்றால் லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகக்கூடும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

பீஸின் அளவுகளை முப்பரிமாணத்தில் துல்லியமாக எடுக்கும் சி.எம்.எம். கருவியைத் தனி ஆளாக வாங்குவது சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் பொது வசதி மையங்கள் படுத்துவிடும் காரணங்களும் தெரிந்தவைதான். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள். காலையில் தெர்மோமீட்டர் 20 காட்டும், பீஸை வைக்கும் கருவியின் கிரானைட் மேசையோ இன்னும் சூடாக இருக்கும். பீஸைக் கொண்டுவந்த கையோடு அளக்கச் சொல்வார்கள். சின்ன பீஸே அறைச் சூட்டுக்கு வரச் சில மணி நேரம் ஆகும், கனமான வார்ப்பு ஒரு ராத்திரி கிடக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் இருப்பவரின் வேலை வரிசையைத் தாண்டிப் போகும். எல்லாவற்றுக்கும் மேல், போட்டியாளர் டிராயிங்கைப் பார்த்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் குறி எண் போட்டு, அளவு முடிந்ததும் அந்த பீஸை அளக்க எழுதிய புரோகிராமை உரியவரிடம் கொடுத்துவிட்டு மையத்தின் கணினியில் அழிப்பதை விதியாக்கினால் பெருமளவு தீரும்.

மையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளவுச் சான்று பெற்ற 50 மி.மீ. ஸ்டீல் பின் (உருளைத் துண்டு) ஒன்றை ஆறு பட்டறைகளுக்கு வரிசையாக அனுப்பலாம். சான்றில் உள்ள அளவு யாருக்கும் தெரியக் கூடாது. ஒவ்வொருவரும் பத்து முறை அளந்து, அறைச் சூட்டையும் குறித்து, உறையில் மூடித் தர வேண்டும். கடைசியில் எல்லோர் முன்னும் பிரித்தால் மைக்ரோமீட்டரின் தேய்ந்த முனை, அது பூஜ்யத்தில் நிற்காத ஜீரோ பிழை, பின்னைக் கையில் பிடித்தே சூடேற்றியது எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். கொஞ்சம் மானம் போகும். ரிஜெக்ட் ஆவதைவிட அது மலிவு.

ஆட்கள் விஷயத்தில் நாம் இன்னும் இறுக்கம். வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை கலிஃபோர்னியாவில் 1872-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலிருந்தே செல்லாது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-இல் வந்ததுதான். அதன் 27-ஆம் பிரிவும் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இருந்தும் மெஷின் ஆபரேட்டரின் அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைப்பவர்கள் உண்டு. அந்த ஆபரேட்டர் போகும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோகும் கைப்பழக்கம்தான் இந்த வட்டாரத்தின் சொத்து.

பணமும் ஓட வேண்டும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த வட்டியை யாரும் கேட்பதில்லை. சங்கத்தின் பெயரில் கேட்டால் ஒருவர்மீது மட்டும் கோபம் திரும்பாது.

அரசிடம் ஒரு கோரிக்கை. பொது மையத்துக்கான மானியம் மெஷின் வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, ஒருவர் விலகினாலும் வேலை நிற்காதபடி, இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளத்தையும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய கேலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உதிரிபாகப் பட்டறையினர் சிலர்,
அம்பத்தூர், சென்னை – 58.