தேதி போடாத படிவம்

அன்புள்ள மூர்த்தி,

நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது செய்தியைக் கேள்: நம் கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்றுவிட்டான். ஊருக்கெல்லாம் வரவு செலவு பார்த்துக் கொடுத்தவனிடம் சேமிப்பென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மேசையைக் காலி செய்யும்போது ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினான். சம்பளத்தில் ஓய்வுக்காலப் பிடித்தத்தைக் கூட்டச் சொல்லும் படிவம். பெயர், சதவீதம் எல்லாம் அவனுடைய முத்து முத்தான எழுத்தில். கையெழுத்தும் இருந்தது. தேதி மட்டும் இல்லை. "அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று வைத்தேன்" என்கிறான். மை வெளுத்துப்போயிருந்தது.

சோம்பேறி என்று சொல்லிவிடாதே. வட்டிக் கணக்கு அவனுக்குத் தெரியாதா? ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்றால், மாதாமாதம் ஒரே தொகையை 25 வயதிலிருந்து போடுபவனுக்கு 60 வயதில் சேர்வது, 35 வயதில் தொடங்கியவனுக்குச் சேர்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதை நமக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான்! ஆனால் இன்று பிடித்தால் இன்றே வலிக்கிறது. அறுபது வயதில் வரப்போகும் கிழவனோ, நமக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவன்.

பொருளியல் அறிஞர்களான ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இந்தப் பலவீனத்தைத் திருத்த முயலவில்லை, அதையே வேலை வாங்கினார்கள். 1998இல் அமெரிக்கத் தொழில் நிறுவனம் ஒன்றில், "இப்போது ஒன்றும் தர வேண்டாம், அடுத்த சம்பள உயர்வின்போது பிடித்தம் கூடட்டும், சம்மதத்தை மட்டும் இன்றே கொடுங்கள்" என்று கேட்கச் செய்தார்கள். கைக்கு வரும் சம்பளம் குறையாததால் யாருக்கும் வலிக்கவில்லை. சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாயிற்று. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் விலகுவதற்கும் மெனக்கெட வேண்டுமே! கணக்குப்பிள்ளையைக் கவிழ்த்த அதே தள்ளிப்போடல் அங்கே ஆட்களைக் காப்பாற்றியது.

ஊழியர்களைக் கேட்காமல் தானாகவே ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்பவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மேட்ரியன், ஷே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிறுவனம் வைத்த 3 சதவீதத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

உன் மகனுக்குச் சம்பளம் உயரப்போவதாக எழுதியிருந்தாய். கைக்கு வந்து சில மாதம் ஆகிவிட்டால் அதுவும் பழைய சம்பளம்தான். வருவதற்கு முன்பே, உயர்வில் பாதியைப் பிடித்தத்துக்கு எழுதிக்கொடுத்துவிடச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டான், என்னிடம் பேசச் சொல். நான் பேசும்போது நீ பக்கத்தில் நின்று அறிவுரை வழங்காமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
சேது