பென்சன் உள்ள வேலையும் இல்லாத வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டம் முடித்த பிள்ளைகள் அரச நியமனத்துக்கே காத்துக் கிடக்கிறார்கள் என்று திருகோணமலையில் பலர் குறைசொல்கிறார்கள். அது நியாயமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் பெருகின. ஆசிரியர், தாதி, எழுதுநர் என்று அந்தத் தலைமுறைக்கு வேலையும் கூடவே வந்தது. கட்டி முடிந்த அமைப்போ பெரும்பாலும் 60 வயதில் ஓய்வுபெறுவோரின் வெற்றிடத்தைத்தான் நிரப்புகிறது. படித்தவர் தொகைக்கு ஏற்ப கதிரை கூடவில்லை.

பிள்ளைகள் தேடுவது பென்சன் தரும் நிம்மதியை. தனியார் வேலையில் அதற்கு ஓரளவு ஈடு, 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு. 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 சதவீதம், 3,200 ரூபாய். முதலாளி பங்கு 12 சதவீதம், 4,800 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு முதலாளி மட்டும் இன்னும் 3 சதவீதம், 1,200 ரூபாய் கட்டவேண்டும்.

பிழை நடப்பது இங்கேதான். முதலாளிமார் சிலர் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கெடுத்து மற்றதை 'அலவன்ஸ்' என்று தள்ளிவிடுகிறார்கள். வாழ்க்கைச் செலவுப்படிக்கும் பங்கு கட்டவேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்குத்தான் இல்லை. 'தற்காலிகம்' என்று முதல் ஆறு மாதம் கட்டாமல் விடுவதும் தவறு. சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு.

தொழில் அலுவலகம் முறைப்பாடு வரும்வரை இராமல், சுற்றுலாப் பருவம் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களிலேயே நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் போய்ச் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்கவேண்டும்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை