இடம் உண்டு என்றால் எழுத்தில் கொடுங்கள்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல) நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ தலைமைக்கும், கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளான கான்ஃபரன்ஸ்களின் ஆணையர்களுக்கும், கல்லூரி விளையாட்டு ஆணையத்துக்கும், எல்லாருக்கும் மேலே இருக்கும் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

105 என்ற எண் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீரர்களுக்குப் பணம் கேட்டு என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போனது, அணியில் மொத்தமே 105 பேர் என்ற வரம்பு வந்தது. அதை ஒப்புக்கொண்டவர்களும் நீங்கள், இன்று நடத்துகிறவர்களும் நீங்கள். அந்த 105-க்கு வெளியே தள்ளப்பட்ட ஒரு பையனின் அம்மா நான்.

சென்ற மாதம் என் மகனுக்கு அவன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வரம்பிலிருந்து விலக்கு பெற்றவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது, ஆனால் அவனை அணியில் சேர்க்கும் திட்டம் எதுவும் இல்லை, வருங்காலத்துக்கு வாழ்த்துகள். அவ்வளவுதான். அதைப் படித்த இரவுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான், அவனுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர்கள் நல்லவர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அணியில் இடம் உண்டு என்று ஒரு பையனிடம் சொன்னால் அதை எழுத்தில் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததை, அவன் ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக நடந்து, பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கும்வரை காப்பாற்றுங்கள்.

என் மகன் லாங் ஸ்னாப்பர். மைதானத்தில் யாருமே கவனிக்காத வேலை. குனிந்து நின்று இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீச வேண்டும். பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விடும் 'பண்ட்' அடிக்கிறவர் பதினைந்து கெஜம் தள்ளி நிற்பார். முக்கால் நொடியில் பந்து அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் என்றால் ஏழெட்டு கெஜம்தான், ஆனால் பிடிக்கிறவர் கையில் விழும்போது பந்தின் தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுவரை கணக்கு. பள்ளிக்கூட நாட்களில் எங்கள் கராஜ் முன்னால் வலை கட்டி வைத்திருந்தான். என் கணவர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து பிடிப்பார். ஜனவரிக் குளிரில் பந்து கல் மாதிரி இறுகிவிடும், அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்த மனிதர், பந்து எத்தனை சுற்றுச் சுற்றினால் தையல் கோல் கம்பத்தைப் பார்க்கும் என்று மகனோடு சேர்ந்து கற்றுக்கொண்டார்.

இந்த வேலைக்கு முதல் வருடமே ஸ்காலர்ஷிப் கிடைப்பது அபூர்வம் என்று எங்களுக்குத் தெரியும். 85-ல் ஒன்றை ஒரு ஸ்னாப்பருக்குக் கொடுக்க எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. அதனால் வாக்-ஆனாகச் சேரச் சொன்னார்கள். பணம் கிடையாது, இடம் நிச்சயம். ஒரு சிறிய கல்லூரி கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருந்தது. அதை வேண்டாம் என்றோம். ஏனென்றால் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "நாலு வருஷமும் இவன் எங்கள் பையன்" என்று அந்தக் கோச் சொன்னார். வெளி மாநிலக் கட்டணம், கடன், எல்லாவற்றுக்கும் சரி என்றோம். ஒரு பெரியவர் வீடு தேடி வந்து வாக்குக் கொடுத்தால் நம்புகிற குடும்பம் நாங்கள்.

2025 வசந்த காலப் பயிற்சி முடிந்த கையோடு அவனைக் கூப்பிட்டார்கள். நீதிமன்றம் சமரசத்தை இன்னும் ஏற்றிருக்கவில்லை. ஏற்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே பல அணிகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. "ஐந்து நிமிஷம்கூட ஆகலை அம்மா" என்றான் போனில். லாக்கரில் இருந்ததை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவனுடைய அட்டைக்கு உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு திறக்கவில்லை. பழக்கத்தில் ஐந்தரை மணிக்கே எழுந்து போயிருக்கிறான். உள்ளே அவனோடு ஒரே அறையில் தங்கும் பையன் எடை தூக்கிக்கொண்டிருந்தான். "நான் சரியா ஆடலைன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். எண்ணிக்கை சரியா வரலைன்னு சொன்னாங்க" என்று மட்டும் அன்று சொன்னான். அதற்கப்புறம் பல வாரம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேறு அணிக்கு மாறலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே என்பீர்கள். எல்லா அணிகளும் ஒரே சமயத்தில் ஆட்களைக் குறைக்கும்போது யாரிடம் போய் இடம் கேட்பது? அவன் படிப்பது இன்ஜினியரிங். இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் கல்லூரி மாறினால் முடித்த பாடங்களில் எத்தனையை அடுத்த கல்லூரி ஏற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ஆட்டமா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. அவன் படிப்பைத் தேர்ந்தெடுத்தான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவனை அந்த நிலைக்குத் தள்ளியது நீங்கள் போட்ட கணக்கு.

இந்த அநியாயத்தை முதலில் கண்டுகொண்டவர் நீதிபதிதான். இடம் இழந்த மாணவர்களும் பெற்றோர்களும் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, 2025 ஏப்ரலில் அவர் ஒப்புதலை நிறுத்தி வைத்தார். இந்த வரம்பால் யாரும் இடம் இழக்கக் கூடாது, வழி கண்டுபிடியுங்கள் என்று உங்கள் வழக்கறிஞர்களிடம் சொன்னார். அவர்கள் கண்டுபிடித்த வழி அந்தப் பட்டியல். அதில் பெயர் உள்ளவர்கள் எந்த அணியில் சேர்ந்தாலும், ஆடத் தகுதியுள்ள காலம் முடியும்வரை 105-ல் கணக்கில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களைத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. என் மகனைச் சேர்த்தால் உங்கள் எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. அப்படியும் அவனுக்கு இடம் இல்லை. அப்படியானால் அன்று சொன்ன காரணம் எங்கே போனது?

சமரசமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆடுகிறவர்களின் உழைப்பில் இத்தனை காலம் பிறர் சம்பாதித்தார்கள். சமரசத்தில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டான 2025-26-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று வந்தது எப்போதோ வந்திருக்க வேண்டிய நியாயம். 105 பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்பதும் நல்லதுதான். ஆனால் 'கொடுக்கலாம்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. தெற்கு மாநிலங்களின் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்இசி முதல் ஆண்டில் 85-ஐத் தாண்ட வேண்டாம் என்று தன் அணிகளுக்குச் சொல்லிவிட்டது. வெளியே அனுப்புவது மட்டும் உடனே நடந்தது.

இந்த எண்களின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1973-ல் மொத்த ஸ்காலர்ஷிப் 105, 1978-ல் 95, 1992-இலிருந்து படிப்படியாக இறங்கி 85. ஆண்டுக்கு 25 புதியவர்கள் என்ற வரம்பு இருந்த காலத்தில், இருக்கிற இடத்தைவிட அதிகம் பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, ஆகஸ்டில் சிலரைக் கூப்பிட்டு "ஜனவரியில் வா" என்று சொன்ன அணிகள் உண்டு. ஏற்கெனவே இருந்த சிலரைக் காயம் என்று காட்டி ஒதுக்கினார்கள் என்ற புகாரும் அப்போது வந்தது. 2009-ல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒரே ஆண்டில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எஸ்இசி விழித்துக்கொண்டு 28 என்றது, 2011-ல் 25 என்றது. அப்புறம் போர்ட்டல் வந்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நிரப்ப முடியவில்லை என்று கோச்சுகள் சொல்ல, 2023-ல் அந்த 25-ஐயே எடுத்துவிட்டீர்கள். இப்போது வேறு கல்லூரியில் ஆடித் தேர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரரைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள், பள்ளி முடிக்கும் பையன் வாசலில் நிற்கிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்களிடம் ஒரு காரணம் இருந்தது. சில காரணங்கள் நியாயமானவையும்கூட. ஆனால் கணக்கு இடித்தபோதெல்லாம் இழந்தது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைதான்.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிக்கே 53 பேர் போதும், கல்லூரிக்கு எதற்கு 120, 130 என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்எஃப்எல் அணியில் ஒருவருக்குக் காயம் என்றால் அந்த வாரமே வெளியிலிருந்து ஒருவரை எடுத்துவிடலாம். பயிற்சிக்கென்று தனியாக ஆட்களும் உண்டு. கல்லூரியில் சீசன் நடுவே யாரை எடுப்பீர்கள்? சனிக்கிழமை வரப்போகும் எதிரணியின் ஆட்டத்தை வாரம் முழுக்கப் படித்து, அதே மாதிரி ஆடிக் காட்டி, உங்கள் ஸ்காலர்ஷிப் வீரர்களின் இடியைத் தாங்கியவர்கள் இந்த வாக்-ஆன் பையன்கள்தான். அவர்களிலிருந்து வந்தவர்தான் பேக்கர் மேஃபீல்டு, 2017-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை வாங்கினார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு வரிசையாக இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட் வாக்-ஆனாக நுழைந்தவர். 2017 ஜனவரியில் தேசியப் பட்டப் போட்டியில் அலபாமாவுக்கு எதிராக ஒரே ஒரு நொடி மீதமிருக்கும்போது கிளெம்சனுக்காக வெற்றிப் பந்தைப் பிடித்த ஹன்டர் ரென்ஃப்ரோவும் அப்படித்தான். என் மகன் இவர்களைப் போல் ஆகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. ஆகாமல் போகும் நூறு பேருக்கும் கொடுத்த வாக்கு வாக்குதானே?

எழுத்தில் இருந்தால் நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் தலைமைக் கோச்சை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். இனி அவர் வேலை செய்யத் தேவையில்லை என்பதற்காக அத்தனை பணம். யாரும் எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் என்றார்கள். அந்த மரியாதையில் ஒரு துளியைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன்.

தொலைக்காட்சிப் பணத்துக்காக நீங்கள் எதை எதையோ மாற்றினீர்கள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் இன்று அட்லாண்டிக் கரை கான்ஃபரன்சில் ஆடுகின்றன. நூறாண்டுக்கு மேல் நின்ற பேக்-12 என்ற மேற்குக் கரை கான்ஃபரன்ஸ் சில ஆண்டுகளில் சிதறியது. ஒரு பையன் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கும் போக வேண்டும், மூவாயிரம் மைல் பறந்துபோய் ஆடவும் வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விமானத்துக்குப் பணம் இருக்கிறது, புதுப் பயிற்சிக் கூடத்துக்குப் பணம் இருக்கிறது, கையிலிருந்து காசு போட்டுப் படிக்கிற ஒரு ஸ்னாப்பருக்கு ஹெல்மெட்டும் சாப்பாடும் கொடுக்கத்தான் இடம் இல்லையாம். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஸ்காலர்ஷிப் உள்ளவருக்காவது பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒரு காப்பு உண்டு. சரியாக ஆடவில்லை என்பதற்காக உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று 2015-லேயே விதி செய்தீர்கள். அதே மாதிரி ஒரு விதியை வாக்-ஆன்களுக்கும் செய்யுங்கள். இடம் எத்தனை வருடத்துக்கு, எந்த நிலையில் அது ரத்தாகும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். டிசம்பரில் கையெழுத்து வாங்கும் முன், இந்த அணியில் இப்போது எத்தனை பேர், எத்தனை இடம் காலி, எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதைக் குடும்பத்திடம் காட்டுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால், மற்ற கல்லூரிகளில் இடம் தீர்ந்துபோகும் முன்பே சொல்லுங்கள். நாலு வருடத்துக்கு உறுதி தர முடியாதா? ஒரு வருடம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்வோம். அந்தச் சிறிய கல்லூரிக்குச் சரி என்று சொல்லியிருப்போம்.

பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம். ஒவ்வொரு சீசன் போகும்போதும் அவர்கள் ஆடக்கூடிய காலத்தில் ஒரு வருடம் போகிறது. அவர்களைச் சேர்ப்பதால் உங்கள் எண் மாறாது. எனவே எண்ணைக் காரணம் காட்டி நீக்கிய பல்கலைக்கழகம், அவர்கள் விரும்பினால் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். உத்தரவிட அதிகாரம் இல்லை என்றால், எந்தெந்தப் பல்கலைக்கழகம் எத்தனை பேரைத் திரும்பச் சேர்த்தது என்ற விவரத்தையாவது, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், வெளியிடுங்கள். அடுத்து உங்கள் கோச்சுகள் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது அந்த வீட்டு அம்மாவும் அப்பாவும் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

வசந்த காலப் பயிற்சி தொடங்குவதற்கு முன் இதற்கு ஒரு பதில் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மகன் இன்னும் தினமும் ஸ்னாப் போட்டுப் பார்க்கிறான். உடம்பைத் தயாராகத்தான் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு லாங் ஸ்னாப்பரின் அம்மா,
டெக்சஸ்