அலமெய்னில் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கப் பழகிவிட்டாள்.

போன முறை உன் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு எல் அலமெய்ன் நினைப்பாகவே இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனத்தில் பெரும் சண்டை நடந்த இடம். ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சப்பர்ஸில் சேர்ந்து நான்காம் இந்திய டிவிஷனோடு எகிப்துக்குப் போனவர் அல்லவா? துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாக மணலில் செருகிக் கண்ணிவெடி தேடிய விதத்தை, திண்ணையில் உட்கார்ந்து ஒரு தென்னை ஈர்க்கை வைத்துச் செய்து காட்டினாரே! எதிர்ப்பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன்.

இத்தாலிய ராணுவத்தின் 31-ஆவது குவாஸ்தாத்தோரி பட்டாளம். அந்தச் சொல்லுக்குப் பாழாக்குபவர்கள் என்று பொருள். 1940-இல் சிவிட்டவெக்கியா என்ற துறைமுக ஊரில் கர்னல் பியத்ரோ ஸ்டெய்னர் இவர்களுக்காகவே ஒரு பள்ளி தொடங்கினார். முள்கம்பியை அறுப்பது, வெடிமருந்துக் குழாயைத் தள்ளி வழி திறப்பது, நெருப்பு பீச்சும் கருவியோடு அரணை நெருங்குவது எல்லாம் அங்கே பயிற்சி.

1942-இல் பட்டாளத்தின் தலைவர் பாவ்லோ காச்சா தொமினியோனி. கட்டடக் கலைஞர், போருக்கு முன் கெய்ரோவில் தொழில் செய்தவர். அக்டோபர் 23 இரவு பிரிட்டிஷ் தரப்பின் பீரங்கிகள் முழங்கின. நவம்பர் தொடக்கத்தில் இத்தாலிய, ஜெர்மானிய முன்னணி உடைந்தது. வண்டிகள் இல்லாத இத்தாலியக் காலாட்படையில் பெரும்பகுதி பாலைவனத்திலேயே சிறைப்பட்டது. இவருடைய ஆட்கள் கட்டுக்குலையாமல் பின்வாங்கினார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பிந்தைய கதை. 1948-இல் அவர் அதே மணலுக்குத் திரும்பிப் போனார். தன் பட்டாளத்து வீரர் ரெனாத்தோ கியோதினியையும் பாலைவன நாடோடிகளான பதூயின் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, இன்னும் வெடிக்கக் காத்திருந்த கண்ணிவெடி வயல்களுக்குள் நடந்து, இறந்தவர்களைத் தேடி எடுத்தார். பத்தாண்டுகளுக்கும் மேல்! தன் நாட்டவர், பகைவர் என்று பார்க்கவில்லை. கிடைத்த எலும்பை எல்லாம் எடுத்தார். உதவிக்கு வந்த பதூயின்கள் சிலர் வெடியில் மாண்டார்கள். நான் படித்ததில் மிகவும் வலித்தது அதுதான். அது அவர்கள் போர் அல்லவே.

கடலோரத்தில் இத்தாலியர்களுக்கான எண்கோண நினைவுக் கோபுரத்தையும் அவரே வடிவமைத்தார். படத்தில் உற்றுப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பளிங்குப் பலகைகள். வரிசை வரிசையாக ஒரே சொல்: 'இஞ்ஞோத்தோ', பெயர் தெரியாதவர். நடுநடுவே ஒரு பெயர் வரும்போது, யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது எனக்கு.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சம்பளப் புத்தகம் இருந்ததே, பத்திரமாக இருக்கிறதா? அதில் அவர் இருந்த ராணுவக் கம்பெனியின் எண் இருக்கும். பொங்கலுக்கு வருகிறேன், எடுத்து வை.

அன்புடன்,
ராமநாதன்