இறந்த கன்றுக்கும் பதிவேட்டில் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாட்டினப் பதிவுச் சங்கத் தலைவர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வம்சாவளிச் சான்றிதழிலும் பொலிகாளைப் பட்டியலிலும் உடல்நலத்துக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட வேண்டும் என்ற உறுப்பினர்களின் கோரிக்கை, சென்ற கூட்டத்திலும் ‘மேலும் ஆராய்வதற்காக’ ஒத்திவைக்கப்பட்டதைச் சுற்றறிக்கையில் படித்தேன். அதே சுற்றறிக்கையின் முதல் பக்கத்தில், இவ்வாண்டின் சிறந்த பொலிகாளையின் படமும் வெளியாகியிருந்தது. அந்தக் காளையைப் பற்றிப் பண்ணையாளர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே பின்னணியை விரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காளையின் உறைவிந்தால் சினையான எங்கள் பசு ஒன்று, நாள் நிறைந்து வலி கண்டும் ஈன முடியாமல் இரவு முழுவதும் முக்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது, கன்றின் நான்கு கால்களும் மடங்கியபடியே விறைத்துப்போய், எந்த மூட்டையும் நிமிர்த்த முடியாத நிலையில் இருந்தன. வயிற்றிலேயே இறந்துவிட்ட கன்றைத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. பசு பிழைத்துக்கொண்டது, ஆனால் கருப்பை புண்ணாகி, அதன்பிறகு அதற்குச் சினை நிற்கவேயில்லை. மருத்துவரின் குறிப்பை இணைத்துச் சங்க அலுவலகத்துக்கு எழுதினேன். உயிருடன் பிறந்து காதில் அடையாள வில்லை பொருத்தப்பட்ட கன்றுகளை மட்டுமே பதிவு செய்ய இயலும் என்றும், இறந்து பிறந்தவற்றுக்குப் படிவம் எதுவும் இல்லை என்றும் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில்தான்.

ஒரு கன்றை வைத்து அந்தக் காளையைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. கரு வளரும்போது தாயைத் தாக்கும் அகபானே போன்ற வைரசாலும் கன்றுகள் இப்படிப் பிறப்பதுண்டு. காரணம் தொற்றா, மரபா என்று பிரித்தறிய வேண்டுமானால், இத்தகைய கன்றுகள் எங்கெங்கே, எந்தக் காளைக்கு, எந்தப் பசுவின் வயிற்றில் உருவாயின என்ற விவரம் ஓரிடத்தில் சேர வேண்டும். அந்த ஓரிடம் உங்கள் பதிவேடு மட்டுமே. உயிரோடு பிறந்த கன்றை மட்டும் எண்ணும் பதிவேட்டில், எந்தக் காளையும் குறையற்ற காளையாகத்தான் தெரியும். கேடு விளைவித்த ஒவ்வொரு ஈற்றும் கணக்கிலிருந்து தானாகவே விலகிக்கொள்கிறதே!

இது வெறும் ஐயமல்ல. 1962இல் பிறந்த ‘பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளைக்கு 16,000க்கும் மேற்பட்ட பெண் கன்றுகள் இருந்தன. பால் உற்பத்தியை உயர்த்திய காளை என்று உலகமே அதைக் கொண்டாடியது. தாய், தந்தை இரு வழியிலும் வந்து சேர்ந்தால் கருவைக் கொல்லும் மரபணுப் பிழை ஒன்றை அது தன் வழியினருக்குக் கொடுத்துச் சென்றது பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அதனால் உலகளவில் 5 லட்சத்துக்கும் அதிகமான கருக்கள் சிதைந்திருக்கும் என்பது பின்னாளைய மதிப்பீடு. ஆய்வாளர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை ஆட்சிக்குழு கவனிக்க வேண்டும்: உயிரோடு இருக்கும் மாடுகளில் எந்த மரபணுச் சேர்க்கை இருந்தே தீர வேண்டுமோ, அது ஒன்றில்கூட இல்லை என்பதைக் கண்டுதான். பிறக்காமல் போனவற்றைத் தேடிய பிறகே உண்மை வெளிவந்தது. நாமோ இறந்து பிறந்ததைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் படிவம் இல்லை என்கிறோம்.

இத்தகைய விவரங்களை வெளியிட்டால் விந்து விற்பனை பாதிக்கப்படும் என்ற கவலை கூட்டத்தில் எழுந்ததாக அறிகிறேன். 2008இல் ஆங்கஸ் என்ற மாட்டினத்தில் கால் மடங்கிய கன்றுகள் பிறந்தபோது, அமெரிக்க ஆங்கஸ் சங்கம் அதற்குக் காரணமான மரபணுவைச் சுமக்கும் காளைகளின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. அந்த இனம் அதனால் அழிந்துவிடவில்லை. தாய், தந்தை இரு வழியிலும் வந்தால் மட்டுமே கேடு செய்யும் ஒடுங்கு மரபணுவைச் சுமக்கும் காளையை, அதே மரபணுவைச் சுமக்கும் பசுவோடு சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு கன்று பாதிக்கப்படும். சோதனையில் தேறிய பசுவோடு சேர்த்தால் ஒன்றுகூடப் பாதிக்கப்படாது. காளையை ஒழிக்கச் சொல்லவில்லை. எந்தப் பசுவுக்குப் போடக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கருப்பிடிப்பு, மடிநோய் போன்றவற்றில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு, அவற்றைப் பதிவதால் பயனில்லை என்று தொழில்நுட்பக் குழு கூறியிருப்பதும் பாதி உண்மையே. ஒரு மகளை வைத்துக் கணிக்க முடியாதுதான். நூற்றுக்கணக்கான மகள்களின் விவரம் சேர்ந்தால் முடியும். நார்வேயில் 1970களிலேயே ஒவ்வொரு பசுவின் சிகிச்சை விவரமும் குறிக்கப்பட்டு, காளைத் தேர்வில் மடிநோயும் கணக்கில் கொள்ளப்பட்டது. விவரம் சேகரிக்காமல் இருந்துவிட்டு, விவரம் போதவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

நம் உடலமைப்பு மதிப்பீட்டாளரோ, முதல் ஈற்றுக் கிடேரியைக் கட்டுத்தறியில் நிற்கவைத்து, உயரம், இடுப்பு அகலம், மடியின் ஆழம், காம்புகளின் இடைவெளி என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இட்டுவிட்டுப் போகிறார். நடக்கவிட்டுப் பார்த்தால்தானே நொண்டுவது தெரியும்? மூன்றாம் ஈற்றில் அந்த மடி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்க எவரும் திரும்பி வருவதில்லை. கண்காட்சிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாலைக் கறக்காமல் தேக்கிவைத்து, வலியோடு நிற்கும் பசுவுக்கு ‘சிறந்த மடி’ விருது வழங்குகிறோம். அப்படியே சான்றிதழையும் தொழுவத்தில் கட்டிக் கறக்க ஏற்பாடு செய்தால் நன்றாயிருக்கும்; காகிதத்துக்கு மடிநோய் வராது, கால் நொண்டாது, கன்றும் செத்துப் பிறக்காது.

வரம்பு மீறிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருள்க. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வம்சாவளிச் சான்றிதழிலும் பொலிகாளைப் பட்டியலிலும் உடல்நலத்துக்கென ஒரு பகுதி வேண்டும். அதில் மரபணுக் குறைபாட்டுச் சோதனையின் முடிவும், மகள்களின் கருப்பிடிப்பு, மடிநோய், நொண்டல், பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட வயது ஆகியவையும் இடம்பெற வேண்டும். இவை அனைத்தையும் உடனே தொடங்க இயலாதெனில், இறந்து பிறந்த, உருக்குலைந்து பிறந்த கன்றுகளைத் தெரிவிக்க ஒரு படிவத்தையாவது முதலில் வெளியிடுங்கள். அதை நிரப்பித் தர எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த ஆண்டின் பொலிகாளைப் பட்டியல் அச்சுக்குச் செல்லும் முன்பே ஆட்சிக்குழு கூடும் என்று அறிகிறேன். அக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, இம்முறை ஒத்திவைக்காமல் வாக்கெடுப்புக்கு விடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் உறுப்பினரான பண்ணையாளர் ஒருவர்