மாடிக் கம்ப்யூட்டரும் கீழே இருக்கும் லேப்டாப்பும்

அன்புள்ள மச்சான்,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நன்றாக இருக்கிறார், கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் இன்னும் நடக்கிறது. இரண்டு நாளாக இங்கே மழை.

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைப் புது லேப்டாப்பில் திறக்க முடியவில்லை, பென்டிரைவில் தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். போன மாதம் நானும் இதோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். அப்பாவின் குரல் பதிந்த கேசட்டுகளை மாடியில் உள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அம்மாவால் படி ஏற முடியாது. கீழே இருக்கும் விண்டோஸ் 11 லேப்டாப்பில் அவர் அதைக் கேட்க வேண்டும். ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டுக் கீழே வந்து 'நெட்வொர்க்' திறந்தால், ஒன்றுமே இல்லை.

முதல் நாள் கண்ணில் பட்ட செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். எது என்ன செய்தது என்றே தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் இரண்டு மெஷினிலும் கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுத்தேன். நெட்வொர்க்கில் அந்த மெஷினுக்கு உள்ள ஐபி முகவரியை அது காட்டும். கீழே 192.168.1.7, மாடியில் 192.168.0.12. மூன்றாவது எண் வேறு வேறு, அங்கேதான் சிக்கல். சிக்னல் எட்டவில்லை என்று மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்திருந்தேன் அல்லவா, அது தனக்குக் கீழே தனி நெட்வொர்க்கை உண்டாக்கிவிட்டது. மாடியிலிருந்து இன்டர்நெட் போகும், கீழேயிருந்து மாடிக்குள் நுழைய முடியாது. அந்த ரவுட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் கீழே உள்ள நெட்வொர்க்கையே நீட்டித் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினேன். இரண்டுக்கும் 192.168.1 என்றே முகவரி வந்தது. உன் வீட்டில் ஒரே ரவுட்டர்தான் என்றாலும், லேப்டாப் விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பார். அதில் சேரும் மெஷின்கள் வீட்டு மெஷின்களைத் தொட முடியாதபடிதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

ரவுட்டரை மாற்றியதும் அடுத்த தடை வந்தது. விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி 'பப்ளிக்' ஆக்கிவிட்டது. ரயில் நிலைய வைஃபையில் நம் ஃபோல்டரை அந்நியர் பார்க்கக் கூடாதே, அதற்கான காவல் அது. வீட்டுக்குள் 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலை முழுதாக அணைக்க வேண்டியதில்லை. பிறகும் 'நெட்வொர்க்' காலியாகத் தெரிந்தால் கவலைப்படாதே. அந்தப் பட்டியல் தனி வேலை, ஃபைல் திறப்பது தனி வேலை. ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில், ஃபோல்டர் இருக்கும் மெஷினின் முகவரியை நேராக அடி. மாடி மெஷினின் புது முகவரிப்படி நான் \\192.168.1.12 என்று அடித்தேன். என்னிடம் உடனே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அப்படிக் கேட்டாலே பாதை சரியாகிவிட்டது என்று அர்த்தம், மச்சான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அந்தப் பாஸ்வேர்ட்தான். தினமும் மாடியில் நான்கு இலக்க 'பின்' நம்பர் போட்டுத்தான் நுழைகிறேன். அதையே கீழேயும் அடித்தேன், தவறு என்றது. 'பின்' நம்பர் அந்த ஒரு மெஷினோடு கட்டப்பட்டது, நெட்வொர்க் வழியாக வருபவருக்கு அது செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். கடைசியில் மாடிக் கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு லோக்கல் யூசரை, அதாவது அந்த மெஷினில் மட்டும் இருக்கும் கணக்கை உண்டாக்கி, பாஸ்வேர்ட் வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுத்தேன். 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும்.

உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், யார் சொன்னாலும் 'எஸ்எம்பி 1' என்பதை மட்டும் ஆன் செய்யாதே. மெஷின்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையின் முதல் பதிப்பு அது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட 'வான்னாக்ரை' வைரஸ் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அதை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுவிட ஆரம்பித்தார்கள். உன் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு எஸ்எம்பி 2 தெரியும், ஆகவே உனக்கு அது தேவையே இல்லை. அதற்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால்தான் தேவைப்படும். அப்புறம், வீட்டு மெஷின்களை இணைக்க நீ அதில் உண்டாக்கிய 'ஹோம்குரூப்'பைப் புது லேப்டாப்பில் தேடி நேரத்தை வீணாக்காதே, 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் 'கெஸ்ட்' ஆக நுழையும் வழியையும் விட்டுவிடு. விண்டோஸ் 11 புரோவின் 24ஹெச்2 பதிப்பு, நாம் செட்டிங்கை மாற்றாதவரை, அதை ஏற்பதில்லை, ஏற்காததும் நல்லதுதான்.

மூன்றாம் நாள் மாலை ஃபோல்டர் திறந்தது. அம்மாவின் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து முதல் கேசட்டைப் போட்டேன். அப்பா யாரையோ "வாய்யா, உள்ளே வா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிடுகிறார். அம்மா மூன்று முறை போடச் சொன்னார்.

வந்தது நீதான் மச்சான். அடுத்த வரியில் உன் குரல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மெஷினின் ஐபி முகவரியையும் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடு. உன் ஃபோல்டரும் திறந்ததும் அந்தப் பதிவை அனுப்புகிறேன், அதிலேயே போட்டு வை.

அன்புடன்,
உன் மச்சான்